குளத்துத் தீவில் ஒன்றே முக்கால் மணி நேரம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைக்கும் அய்யாக்குட்டி அதிகாரபூர்வமாக மாயன் ஆனது ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. ஆகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வருஷச் சீசனுக்கு எண்ணெய் தேய்க்கிற உரிமக் கார்டு கிடைக்காது. கார்டு இல்லாமல் எண்ணெய் பாட்டிலோடு அருவிக்கரையில் தலைகாட்டினால் போலீஸ்காரர் லத்தியைத் தூக்க வேண்டியதுகூட இல்லை, ஒரு விசில் போதும், ஐம்பத்திரண்டு வயதில் ஓட வேண்டியிருக்கும். சாரல் விழுகிற மூன்று மாதத்தில் பிசைகிற முதுகுகளை நம்பித்தான் மிச்ச ஒன்பது மாதமும் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

போன வருஷம் வரைக்கும் கார்டு வாங்குவது பெரிய பாடு இல்லை. இரண்டு போட்டோ, ஆதார் நகல், ஒரு கையெழுத்து. இந்த வருஷம் அந்த வேலையைச் சாரல் மண்டல அனுபவச் சுற்றுலா மேம்பாட்டு முகமை என்கிற புது அலுவலகத்திடம் கொடுத்துவிட்டார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது அந்த முகமை. முகூர்த்த நாட்களில் கீழே அடிக்கிற கொட்டுச் சத்தத்தில் மேலே ஒரு வேலையும் ஓடாது. மற்ற நாட்களில் ஓடாததற்கு வேறு காரணங்கள் இருந்தன.

கவுன்டரில் இருந்த ஷெர்லின் நல்ல பெண். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட மனசு கஷ்டப்பட்டுத்தான் கொடுப்பாள்.

"அண்ணாச்சி, பதினாலாவது கட்டத்த நிரப்பாம விட்டுட்டிய."

"அதுல என்னம்மா கேக்காவ?"

"ஆற்றிய பண்பாட்டுச் சேவை. அரை நாளுக்குக் குறையாம இருக்கணும்."

"நான் எண்ணெ தேய்க்கேன்லா."

"அது தொழிலு அண்ணாச்சி. பண்பாடு வேற. தொழில் செய்ய கார்டு வேணும்னா மொதல்ல பண்பாடு செஞ்சிருக்கணும்."

"பண்பாடு எங்கன வச்சுச் செய்யணும்?"

ஷெர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தீவுல."

அய்யாக்குட்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மலை இருந்தது, தென்னை இருந்தது, பழைய இரும்புக் கடை இருந்தது. தென்காசியிலிருந்து கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் மூன்று மணி நேரமாவது ஆகும்.

இந்தத் தீவு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முகமையின் இயக்குநர் முத்துகுமரனும் திட்ட அலுவலர் சிவனணைந்தபெருமாளும் போன வருஷம் மெக்சிகோவுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போனார்கள். பதினொன்றரை நாள் ஏசி அறையில் ஸ்பானிய மொழிச் சொற்பொழிவுகள். இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். மிச்சமிருந்த அரை நாளில், கப்பலில் வருகிற பயணிகளை அழைத்துப் போகிற ஒரு சுற்றுலாவில் இவர்களையும் ஏற்றிவிட்டார்கள். ஒரு தீவு, கடற்கரை, உள்ளூர்ப் பண்டங்களை ருசி பார்ப்பது, மாயன் பண்பாடு, எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஊர் திரும்பியதும் 'கண்டறிந்தவை' என்ற தலைப்பில் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. விழித்திருந்து பார்த்தது அந்த அரை நாளை மட்டும்தான் என்பதால் அதையே எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் யாரோ அதன் ஓரத்தில், 'கண்டறிந்தவை கண்டறிந்தபடியே ஆறு மாதத்துக்குள் செயல்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுதியவர் அதற்குப் பிறகு ஓய்வு பெற்றுவிட்டார். கையெழுத்து ஓய்வு பெறவில்லை.

ஆகவே தென்காசிக்குத் தீவு வேண்டும், கடற்கரை வேண்டும், மாயன் வேண்டும்.

தீவு சீக்கிரமே அகப்பட்டது. குற்றாலத்துக்குக் கிழக்கே ஒரு குளம். அதன் நடுவில் எருமைகள் படுத்துக்கிடக்கும் ஒரு மண்மேடு. கோடையில் குளம் வற்றி எருமைகள் நடந்தே போய்வந்துகொண்டிருந்ததால், மேட்டைச் சுற்றிப் பொக்லைன் வைத்து அகழி தோண்டி, டாங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். எருமைகள் முதலில் சந்தேகப்பட்டு, பிறகு சந்தோஷமாக இறங்கின. கடற்கரைக்கு மணல் வேண்டும். ஆற்று மணல் அள்ளத் தடை. அதனால் வீடு கட்டுகிற எம்-சாண்ட் நான்கு லோடு அடித்துக் கொட்டினார்கள். அதில் செருப்பில்லாமல் நடந்தால் காலில் பொடிக்கல் குத்தும். 'அலை அதிகமுள்ள நேரங்களில் குளிக்க வேண்டாம்' என்று ஒரு போர்டும் வைத்தார்கள்.

எண்ணெய்க்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. பாதிப் பேர் அதற்கு முன்பே வேறு பிழைப்புத் தேடிக் கோவளத்துக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் முன்னால் சிவனணைந்தபெருமாள் பேசினார்.

"குற்றாலத்துல என்ன இருக்குன்னு கேட்டா எல்லாரும் அருவிங்கிய. அருவி தானா விழுது. அதுல முகமைக்கு என்ன பங்கு? நாம ஆபீசப் பூட்டிட்டுப் போனாலும் அது விழத்தான் செய்யும். நாம இல்லாட்டா இருக்கவே இருக்காதுங்கிற மாதிரி ஒண்ண உண்டாக்குனாத்தான் நம்மள நாலு பேர் கேப்பான். அதுக்குத்தான் இந்தத் தீவு."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டாதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ள ஒருவர் நின்றிருந்தார்.

"மாயன்னா யாரு சார்?" என்று கேட்டார் அய்யாக்குட்டி.

"பழங்கால ஜனங்க. வானத்தப் பாத்து நாள் கணக்கு எழுதுனவங்க. மலை ஒசரத்துக்குக் கல்லுக் கட்டடம் கட்டுனவங்க."

"அப்படின்னா நம்ம தென்காசிக் கோபுரத்தையே காட்டலாமே."

"கோயிலு வேற துறை," என்றார் சிவனணைந்தபெருமாள்.

எண்ணெய்க்காரர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் கோப்பில் காரணம் இருந்தது. மாயன் சட்டை போடுவதில்லை, எண்ணெய்க்காரரும் சட்டை போடுவதில்லை, எனவே பொருத்தம் நிறைவாக உள்ளது. அதிகாரிகள் இருவரும் மெக்சிகோவில் எடுத்த போட்டோ ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். தலையில் இறகும் மாரில் சாயமுமாக ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் இறகைப் பார்த்தார்கள். அய்யாக்குட்டி அவன் முழங்காலைப் பார்த்தார். வலது முழங்கால் வீங்கியிருந்தது. நாளெல்லாம் ஆடி ஆடி வந்த வீக்கம். நான்கு நாள் எண்ணெயைச் சூடாக்கிப் போட்டால் வடிந்துவிடும். அதைச் செய்ய அங்கே ஆள் இல்லை போலிருக்கிறது.

"இந்த ஆளு ஆட்டம் முடிஞ்சப்புறம் எங்க போனான் சார்?"

"எறகக் கழட்டி வச்சிட்டு எங்க பையத் தூக்கிட்டு வந்து கப்பல் பக்கத்துல விட்டான். நல்ல பையன்," என்றார் அலுவலர்.

ஒத்திகை இரண்டு வாரம் நடந்தது. ஒத்திகை பண்பாட்டுக் கணக்கில் சேராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு மற்ற எண்ணெய்க்காரர்களும் ஒவ்வொருவராகப் பஸ் ஏறிவிட, மிஞ்சிய மாயன் அய்யாக்குட்டி மட்டும்தான். தலைக்கு மயிலிறகு வைக்கலாம் என்றார் ஒருவர். வனத்துறை பிடிக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் செங்கோட்டையில் ஒரு கறிக்கோழிக் கடையிலிருந்து மூட்டையில் இறகு வந்தது. கழுவிச் சாயம் போட்டும் அதன் பூர்வீக வாசனை போகவில்லை. அய்யாக்குட்டி அதைத் தலையில் வைத்துக்கொண்டு எம்-சாண்டில் வட்டமாகச் சுற்றி, இரண்டு கையையும் சூரியனை நோக்கித் தூக்க வேண்டும். சூரியன் மேகத்துக்குள் இருந்தால் அது இருக்கிற திசையை ஷெர்லின் கைபேசியில் பார்த்துச் சொல்லுவாள். சுற்றிச் சுற்றி, இரண்டாவது வாரம் அவருடைய வலது முழங்காலும் வீங்க ஆரம்பித்தது.

உடம்பில் பூசிவிட்ட சாயத்தோடு வீட்டுக்குப் போனால் மனைவி பொன்செல்வி வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"இன்னைக்காச்சும் கார்டு குடுத்தாவளா?"

"தெறப்பு விழா முடியட்டும்ங்காவ."

"அருவியில தண்ணி விழுந்து ஒரு வாரம் ஆச்சு. கேரளாக்காரங்க வேன் வேனா வந்து எறங்குதாங்க. எண்ணெ தேய்க்க ஆளே இல்லன்னு கடைக்காரன் சொல்லுதான். நீங்க என்னடான்னா கோழி றெக்கைய மாட்டிக்கிட்டு எருமைக்கு ஆடிக் காட்டுதிய."

"அரை நாளுதான்ட்டி. அரை நாளு மாயனா இருந்துட்டா மூணு மாசம் நான் நானா இருக்கலாம்."

பொன்செல்வி சீயக்காயைக் கரைத்துக் கொண்டுவந்து அவர் முதுகைத் தேய்த்தாள். சாயம் போக மறுத்தது. ஊரில் அத்தனை முதுகு காத்துக்கிடக்க, இந்த ஒரு முதுகைத் தேய்ப்பதற்கு அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திறப்பு விழாவன்று காலையிலிருந்தே மலை தெரியவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்திருந்த ஜனம் முழுக்க அருவியில் நின்றதால் தீவுக்கு ஒரு பயணிகூட வரவில்லை. அதற்கும் ஏற்பாடு இருந்தது. அலுவலக ஊழியர்களுக்கே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்துப் பயணிகளாக்கினார்கள். ஷெர்லின் 'வெளிநாட்டுப் பயணி, எண் மூன்று'. அவள் குடை பிடித்தபடி ரப்பர் படகில் வந்து இறங்கி, ஆச்சரியப்பட வேண்டிய இடங்களில் ஆச்சரியப்பட்டாள்.

பத்தேகால் மணிக்கு விசில் ஊதினார்கள். அய்யாக்குட்டியின் பெயருக்கு நேரே 'மாயன், தொடக்கம்' என்று எழுதினார்கள். பன்னிரண்டரையோடு முற்பகல் முடியும். அதுவரை நின்றால் அரை நாள்.

முதலில் ருசி பார்த்தல். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி வைத்திருந்தார்கள். ஒருவருக்கு எட்டு கிராமுக்கு மேல் கொடுத்தால் அது ருசி ஆகாது, உணவு ஆகிவிடும், உணவுக்குத் தனி உரிமம் எடுக்க வேண்டும் என்பதால் மங்குஸ்தான் சுளையையே மூன்றாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தார்கள். பயணிகள் வரிசையில் நின்று வாயில் போட்டுக்கொண்டார்கள். விழுங்கியவர்களிடம், "ருசி மட்டும் பாருங்க," என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

அடுத்து இயக்குநர் முத்துகுமரனுக்கு மாயன் அரசனின் மகுடம் சூட்டப்பட்டது. தெர்மகோலில் செய்யச் சொன்னதைக் கலைஞர் ஈடுபாட்டோடு பிளைவுட்டில் செய்திருந்தார். எட்டுக் கிலோவாவது இருக்கும். அது தலையில் உட்கார்ந்ததும் இயக்குநரின் கழுத்து இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியதை அய்யாக்குட்டி பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

இயக்குநர் பதினொரு பக்க உரையை எடுத்தார். "கடல் இல்லாத ஊருக்குக் கடற்கரை தந்திருக்கிறோம். இருக்கிற இடத்தில் தருவது எளிது. இல்லாத இடத்தில் தருவதற்குத்தான் நிர்வாகம் வேண்டும்," என்று தொடங்கினார். நான்காம் பக்கத்தில் தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது. "அலையும் வந்துவிட்டது," என்றார். ஊழியர்கள் கை தட்டினார்கள். ஆறாம் பக்கத்தில் அது கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறியது.

அய்யாக்குட்டி கையைச் சூரியனிடமிருந்து இறக்கினார். "சார், மேல மலையில நல்ல மழ. வாய்க்கா வழியா வெள்ளம் வருது. கரைக்குப் போயிருவோம்."

சிவனணைந்தபெருமாள் பாய்ந்து வந்தார். "ஏய், மாயன் பேசக் கூடாதுய்யா. நீ பேசுறத மொழிபெயர்க்கதுக்கு இன்னும் ஆள் போடல."

எட்டாம் பக்கத்தில் கடற்கரை கரைந்து போயிற்று. நான்கு லோடு எம்-சாண்டும் சத்தமில்லாமல் குளத்துக்குள் இறங்கியது. போர்டு மிதந்தது. ரப்பர் படகு முதலில் பெண் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போனது, அடுத்து கோப்புகளை, அதற்கடுத்து சிவனணைந்தபெருமாளை. பத்தாம் பக்கத்தில் இருந்த இயக்குநரை அய்யாக்குட்டி தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். மகுடத்தைக் கழற்றச் சொன்னார். படம் எடுக்கிறார்கள் என்று இயக்குநர் கழற்றவில்லை. பாதி வழியில் கால் இடறி ஒரு குலுக்குக் குலுக்கியதில், மேலே 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று அய்யாக்குட்டிக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கழுத்துகளிலிருந்து எடுத்துவிடுகிறவர் அவர். கரையேறியபோது மணி பன்னிரண்டு. எருமைகள் மட்டும் அங்கேயே நின்றன.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக் கூட்டம். இயக்குநர் முகத்தை இடது தோளின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். அப்படியே உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து உரையாற்றினார்.

"தீவு மூழ்கியதைத் தோல்வி என்று சிலர் பேசுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். மாயன் பண்பாடு என்ன ஆயிற்று? ஒரு காலத்தில் செழித்திருந்தது, பிறகு இயற்கையின் காரணங்களால் அழிந்தது. நமது தீவிலும் அதேதான் நடந்திருக்கிறது. அவர்களுக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. நாம் அதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் செய்து முடித்திருக்கிறோம். கண்டறிந்தவை கண்டறிந்தபடியே செயல்படுத்தப்பட்டுவிட்டன. கோப்பு முடிக்கப்படுகிறது."

பின்வரிசையில் இருந்த அய்யாக்குட்டி எழுந்தார். "மாயன் அழிஞ்சு போயிட்டான்னா, ஒங்க பையத் தூக்குனது யாரு சார்?"

சிவனணைந்தபெருமாள் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது நிகழ்ச்சி நிரல்ல இல்லாதது," என்றார்.

கூட்டம் முடிந்து கவுன்டருக்கு வந்தார் அய்யாக்குட்டி. ஷெர்லின் அவர் முகத்தைப் பார்க்காமல் பேரேட்டைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பத்தே காலுல இருந்து பன்னெண்டு. ஒண்ணே முக்கா மணி நேரம்தான் ஆவுது. அரை நாள் நெறையல."

"மிச்சத்த நாளைக்கு வந்து ஆடிருதேன்மா. குளத்தங்கரையில வச்சு ஆடுதேன். ஒங்க ஆபீசுக்குள்ளயே வேணாலும் ஆடுதேன்."

"ஆட முடியாது அண்ணாச்சி. மாயன் அழிஞ்சாச்சுன்னு சார் கையெழுத்துப் போட்டாச்சுல்லா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னேன். அவரு ஒருத்தருதான் தண்ணியில எறங்கி சாரத் தூக்கிக் கரையேத்துனாருன்னு சொன்னேன். அதுக்குக் கட்டம் இல்லங்காவ."

அய்யாக்குட்டி படியிறங்கினார். அலுப்பாக இருந்தது. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு அவருக்கு முழங்காலோடு போய்விட்டது.

மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் எண்ணெய் பாட்டிலோடு அருவிக்குப் போனார். தண்ணீர் நிறைய விழுந்தது. அப்படி விழுந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். எண்ணெய்க்காரர்கள் உட்காருகிற பாறைத் திட்டு காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, கான்ஸ்டபிள் மணிமுத்து மழைக்கோட்டோடு நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. கார்டு வந்துட்டா?"

"வரல."

"அப்போ கயித்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. தப்பா நெனைக்காதிய. எனக்கும் மேல இருந்து ஆர்டர்."

கயிற்றுக்கு வெளியே நின்றார். அப்போதுதான் கூட்டத்திலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். முகம் இடது தோளைப் பார்த்தபடி இருந்தது. போகிற வழி கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் நடந்து வந்தார். சட்டையும் மகுடமும் இல்லாமல் இயக்குநர் முத்துகுமரன் வேறு யாரோ மாதிரி, வலியில் இருக்கிற ஒரு சாதாரண மனுஷனாக இருந்தார்.

"குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்க ஆள் இல்லையா?" என்று மணிமுத்துவிடம் எரிந்து விழுந்தார். "மூன்று நாளாக இந்தக் கழுத்து திரும்பவில்லை. தூங்க முடியவில்லை. ஒரு ஆள்கூட இல்லை என்றால் இதென்ன ஊர்?"

"கார்டு இருக்க ஆளு யாரும் இல்ல சார்."

"கார்டை யார் கொடுக்க வேண்டும்?"

"ஏதோ முகமையாம் சார். மண்டபத்து மாடியில இருக்கானுவ. ஒண்ணுக்கும் ஆவாத பயலுவ."

இயக்குநர் சற்று நேரம் அருவியைப் பார்த்தார். அருவி அவருடைய வலது பக்கம் இருந்ததால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் திருப்பத்தில் கயிற்றுக்கு வெளியே நின்ற அய்யாக்குட்டியின் கையில் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது. இறகு இல்லாததால் ஆளைத் தெரியவில்லை.

"நீ தேய்ப்பாயா?"

அய்யாக்குட்டி கேள்விக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கழுத்தைப் பார்த்தவுடனேயே அவருடைய இடது உள்ளங்கையில் எண்ணெய் இறங்கியிருந்தது. எலும்புக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு சுருண்டு நின்றது தெரிந்தது. கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, மோவாயைப் பிடித்து ஒரு திருப்பு. இரண்டு நிமிஷ வேலை.

"தேய்ப்பேன் சார். கார்டு இல்ல."

"நான் சொல்கிறேன், தேய்."

"யாரு சொன்னாலும் அவரு கயித்தத் தாண்ட முடியாது சார்," என்றார் மணிமுத்து.

இயக்குநர் ஒதுங்கிப் போய்க் கைபேசியில் பேசினார். அருவிச் சத்தத்தில் கத்திப் பேசியதால் எல்லோருக்கும் கேட்டது. "உடனே ஒரு கார்டு... ஆமாம், ஒன்றே ஒன்று... என்னய்யா அரை நாள்?... சரி, அந்தக் கோப்பைத் திற... நான்தான் மூடினேன், அதற்கென்ன?... கோப்பைத் திறக்க மூன்று பேர் கூடி முடிவெடுக்க வேண்டுமா? மூன்றாவது ஆள் எங்கே?... லீவா?" பிறகு கைபேசியைத் துண்டில் துடைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, வலியினாலாக இருக்கலாம். பக்கவாட்டில் நடந்தே கார் நிற்கிற இடத்துக்குப் போனார்.

மணிமுத்து, "நல்லா வேணும்லா அண்ணாச்சி," என்றார். காருக்குப் போனவர் யார் என்று அவருக்கு இப்போது புரிந்திருந்தது.

அய்யாக்குட்டிக்கு அப்படித் தோன்றவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. இரண்டு நிமிஷத்தில் சரியாகிற ஒரு கழுத்து தன் கைக்கு எட்டாமல் வலியோடு நடந்து போவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. கார் கிளம்பிப் போன பிறகும் உள்ளங்கையில் எண்ணெய் இருந்தது. பாட்டிலுக்குள் திருப்பி ஊற்ற முடியாது. கீழே குனிந்து, வேட்டியை ஒதுக்கி, வீங்கியிருந்த தன்னுடைய முழங்காலிலேயே அதைத் தேய்த்துக்கொண்டார்.